ஊரிசைவும் கள்ளுக்கடை உரிமமும்
மதுவிலக்குச் சட்டத்திற்கு முந்திய முயற்சிகள் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

கள்ளுண்ணாமை என்பது அறம். மதுவிலக்கு என்பது சட்டம். முன்னது தனிமனிதன் தன்னைத் தானே அடக்கிக் கொள்வது. பின்னது அரசு நாட்டினர் அனைவர்க்கும் விதிப்பது. தமிழகத்தில் மது எதிர்ப்பின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் இவ்விரண்டினையே கருத்திற் கொண்டு, திருக்குறளில் தொடங்கி 1937ஆம் ஆண்டின் சட்டத்திற்கு ஒரே எட்டில் வந்து சேர்கின்றனர். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதாக ஒன்று உண்டு. "எம் ஊரில் இக்கடை வேண்டா" என்று ஓர் ஊரார் கூடி உரைப்பதும், அவ்வுரையை அரசு ஏற்க வேண்டும் என்று வாதிடுவதுமே அது. மேலை நாட்டார் இதனை 'லோக்கல் ஆப்ஷன்' என்னும் பெயரால் வழங்கினர். தமிழில் இதற்கு நிலைபெற்ற பெயர் இல்லை. யாம் இக்கட்டுரையில் இதனை 'ஊரிசைவு' எனக் குறிப்போம்.

பெயர் இல்லாத பொருள் வரலாற்றிலும் எளிதில் மறக்கப்படும். ஊரிசைவுக்கும் அதுவே நேர்ந்தது. கள்ளுக்கடைக்கு உரிமம் வழங்கும் முறை எவ்வாறு அமைந்தது, அதனை எதிர்த்து எழுந்த தொடக்க முயற்சிகள் எவை, அவை கேட்ட ஊரிசைவு கிடைத்ததா என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டு வேண்டுமிடத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் திருவில்லிபுத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்பு, கான்சாபுரம் முதலிய ஊர்கள் அமைந்த வட்டாரத்தை மனத்திற் கொள்வோம். மலையடியில் தென்னந்தோப்பும், கிழக்கே கரிசல் நோக்கிச் செல்லச் செல்லப் பனையும் மிகும் நிலம் அது. கள்ளுக்கு வேண்டிய இருவகை மரங்களும் அங்கு உண்டு.

இலக்கியங் காட்டும் நிலை

சங்கச் சான்றோர் கள்ளை இழித்துரைத்தாரல்லர். நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி எனப் பல பெயர்களால் அவர் அதனைச் சுட்டுவர். வீரர்க்கும் பாணர்க்கும் கள் அளித்தல் வேந்தர் கொடையின் ஒரு கூறாகவே போற்றப்பட்டது. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் நகரத்தே பறந்த கொடிகளை எண்ணுமிடத்துக் கள் விற்பதை அறிவிக்கும் கொடிகளையும் உடன் எண்ணுகின்றன. எனவே, கள் விற்குமிடம் இன்னதெனக் குறியிட்டு அறியப்படும் வழக்கம் தொன்மையானது என்பது பெறப்படும்.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். அது நின்ற இடம் நோக்கற்பாலது. புலான் மறுத்தலும் கள்ளாமையும் அறத்துப்பாலில் துறவறத்தின்பாற் பட்டன. கள்ளுண்ணாமையோ பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே நிற்கின்றது. அதன் முதற் குறளே கள்ளை விரும்புவாரைப் பகைவர் அஞ்சார் எனவும், அவர் பெற்றிருந்த புகழும் ஒழியும் எனவும் தொடங்குகின்றது. ஆகவே, வள்ளுவர் இதனைத் துறவியின் நோன்பாக வைக்காது, நாடாள்வார்க்கும் உலகியலில் நிற்பார்க்கும் உரிய பொதுவாழ்வின் செய்தியாக வைத்தார் எனல் தகும்.

ஆயினும் ஒன்று கூறவேண்டும். புலான் மறுத்தலில் வள்ளுவர் உண்பானை மட்டும் நோக்கி அமையாது, விற்பானையும் நோக்குகின்றார். உண்பார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்னும் வாணிகத் தொடர்பை அங்கு எடுத்துக்காட்டுகின்றார். கள்ளுண்ணாமையில் விலை கொடுத்துக் கள் வாங்கும் பேதைமை ஒரு குறளில் இடித்துரைக்கப்படினும், விற்பவனோ விற்க விடும் வேந்தனோ அவ்வதிகாரத்தில் இடம்பெறவில்லை. பிற்காலத்தே எழுந்த வினா விற்கவிடும் அரசைப் பற்றியது. அதற்கு விடை தேடுவோர் நீதி நூல்களை விட்டுச் செப்பேடுகளை நாட வேண்டியிருக்கின்றது.

செப்பேடுகள் காட்டும் நிலை

பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் 'ஈழம்பூட்சி' என்னும் வரி பயில்கின்றது. இது கள் இறக்குவோர்மீது சுமத்தப்பட்ட வரி என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. பிரமதேயமாக நிலம் வழங்கும் செப்பேடுகள் சிலவற்றில், அந்நிலத்துத் தெங்கிலும் பனையிலும் ஈழவர் ஏறுதல் கூடாது என்னும் விதி ஒரு சிறப்புரிமையாகச் சேர்க்கப்பட்டிருத்தலும் காணலாம்.

இவற்றால் மூன்று செய்திகள் போதரும். கள்ளினின்று அரசு வருவாய் பெறுதல் பழைய வழக்கு. ஒரு குறிப்பிட்ட ஊரின் எல்லைக்குள் கள் இறக்காதவாறு தடுத்தலும் பழைய வழக்கே. ஆயின் அத்தடை மன்னன் அளித்த சலுகை; ஊரார் பலரும் கூடி எய்திய முடிவன்று. அதனால் பயன் பெற்றவர் நிலம் பெற்றோர். தொழில் இழந்தவர் மரம் ஏறுவோர். சலுகை ஒருவர்க்கும் இழப்பு வேறொருவர்க்கும் ஆன இவ்வமைப்பு, பின்வந்த மது எதிர்ப்பு முயற்சிகளிலும் தொடர்ந்து காணப்படுதலின், இதனை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் நன்று.

ஆப்காரி முறை

ஆங்கிலேயர் ஆட்சியில் மதுவின்மீது பெறும் வருவாய் 'ஆப்காரி' எனப்பட்டது. 'ஆப்' என்பது பாரசீகத்தில் நீர். 'காரி' என்பது தொழில். இச்சொல் மகமதிய அரசுகளின் வழியே வந்து, ஆங்கிலேயர் ஆட்சியில் சட்டப் பெயராகவே நிலைத்தது. சென்னை மாகாணத்திற்கு 1864ஆம் ஆண்டு ஓர் ஆப்காரிச் சட்டமும், 1884இல் அமைந்த குழுவொன்றின் ஆய்வினை ஒட்டி 1886ஆம் ஆண்டு மற்றொன்றும் இயற்றப்பட்டன.

முன்னைய முறை பெருங்குத்தகை முறை. ஒரு வட்டத்திற்கோ அதனினும் பெரிய பரப்பிற்கோ மது விற்கும் தனியுரிமையை ஒருவர் குத்தகைக்கு எடுப்பார். எவ்வூரில் எத்தனை கடை வைப்பது என்பது பெரிதும் அவர் விருப்பம். அரசுக்கு வேண்டியது குத்தகைத் தொகையே. தாம் செலுத்திய தொகைக்கு மேல் விற்பதெல்லாம் ஊதியமாதலின், கடையைப் பெருக்குவதே குத்தகைதாரரின் முயற்சியாயிற்று.

1886ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின் இம்முறை படிப்படியே மாறிற்று. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்திற்கும் எண்ணிட்டு மரவரி வாங்கினர். கடைகளைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றன் உரிமையையும் ஆண்டுதோறும் ஏலம் விட்டனர். உரிமம் வழங்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் நின்றது.

இம்மாற்றத்தின் நோக்கம் வருவாயைப் பெருக்குதலும் ஒழுங்குபடுத்துதலுமே. ஆயினும், ஆட்சியாளர் கருதாத மற்றொரு விளைவும் இதனால் ஏற்பட்டது என்பது எம் கருத்து. வட்டம் முழுமைக்கும் ஒரே குத்தகை இருந்தபோது ஓர் ஊரார் எதனை எதிர்ப்பது? யாரிடம் முறையிடுவது? கடை தனியே எண்ணிடப்பட்டு, இன்ன ஊரில், இன்ன இடத்தில், இன்ன நாளில் ஏலத்திற்கு வருகின்றது என்ற நிலை தோன்றியவுடன், எதிர்ப்பதற்கு ஒரு பொருளும், அதற்கோர் இடமும், அதற்கொரு நாளும் கிடைத்தன. உரிம முறையே உரிம எதிர்ப்பிற்கு வழி வகுத்தது. பிற்காலத்தார் ஏல நாளையும் ஏலக் களத்தையும் தேர்ந்து மறியல் செய்ததன் காரணமும் இதுவே.

கள்ளும் பதநீரும்: ஒரு சொல்லாராய்ச்சி

இவ்விடத்தே ஒரு சொல்லின் வரலாற்றைக் கூறுதல் வேண்டும். பாளையைச் சீவி இறக்கும் நீர் கலயத்தில் தானே புளித்துக் கள்ளாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிப்பேறாது, அதுவே பதநீர். பதநீரைக் காய்ச்சினால் கருப்புக்கட்டி. ஈழத்தார் பதநீரைக் 'கருப்பணி' என்பர். நெல்லை வட்டாரத்தார் 'பதனி' என்பர். மரம் ஒன்று, ஏறுபவர் ஒருவர், கலயமும் ஒன்றே. ஒரு பிடி சுண்ணாம்பு இடுவதும் இடாமையுமே வேறுபாடு. ஆயின் தமிழர் வழக்கில் கள் வேறு, பதநீர் வேறு. ஒன்று வெறி தருவது. மற்றொன்று குழந்தைகளும் பருகுவது.

1886ஆம் ஆண்டின் சட்டமோ, 'டாடி' என்னும் ஒரே சொல்லால், தென்னை, பனை, ஈந்து முதலியவற்றினின்று இறக்கும் நீர் புளித்ததாயினும் புளியாததாயினும் இரண்டையும் சுட்டிற்று. தமிழில் இரண்டாக நின்ற பொருள் சட்டத்தில் ஒன்றாயிற்று. புளியாத நீரை இறக்குவோர்க்கு விதிவிலக்குகள் அளிக்கப்பட்டனவாயினும், அவை விலக்குகளாகவே நின்றன. அதனால் பதநீர் இறக்குவோனும் தன் கலயத்திற் சுண்ணாம்பு உண்டென மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் நின்றான். உரிம முறையின் சுமை குடிப்பவன்மீது விழுமுன்னர் ஏறுபவன்மீது விழுந்தது என்பதற்கு இச்சொல் ஒன்றே சான்று.

1889, 1890ஆம் ஆண்டுகளின் நிகழ்ச்சிகள்

இந்தியாவில் மதுவுரிம முறைக்கு எதிராக எழுந்த முதல் அமைப்புள்ள முயற்சிகளில் ஒன்று இலண்டனில் வடிவு பெற்றது. பிரிட்டிசுப் பாராளுமன்ற உறுப்பினர் டபிள்யூ. எசு. கெயின் என்பார் 1888இல் ஆங்கிலோ-இந்திய மதுவொழிப்புக் கழகத்தை நிறுவினார். கெயின் இந்தியாவிற்கு வந்து பல நகரங்களிற் பேசினார். இந்திய நாட்டுக் காங்கிரசும் தன் தொடக்க ஆண்டுகளிலேயே அரசின் மதுக்கொள்கையைத் திருத்த வேண்டும் எனத் தீர்மானித்தது. 1889ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள், சாமுவேல் சிமித்து முன்மொழிந்து கெயின் வழிமொழிந்த தீர்மானம் ஒன்று காமன்சு சபையில் 103க்கு எதிராக 113 வாக்குகளால் நிறைவேறியது. இந்தியாவில் மது விற்பனைக்கு அரசே வழி செய்து குடியைப் பெருக்குகின்றது என்பது அதன் குற்றச்சாட்டு.

இதற்கு விடையாக இந்திய அரசு 1890ஆம் ஆண்டு பிப்பிரவரி 4ஆம் நாள் இலண்டனுக்கு விடுத்த மடலில் தன் கொள்கையை நான்கு கூறுகளாக வகுத்தது. மதுவின்மீது வரி உயர்வாக இருத்தல் வேண்டும். விற்பனை தக்க விதிகளுக்கு உட்படுதல் வேண்டும். விற்குமிடங்கள் குறைவாக இருத்தல் வேண்டும். ஊர்மக்களின் கருத்து இன்னதென ஆராய்ந்து அதற்குத் தக்க அளவு மதிப்பளித்தல் வேண்டும். இந்நான்காம் கூறே ஊரிசைவு வரலாற்றில் முதன்மையானது. ஊரார் கருத்து என ஒன்று உண்டு, உரிமம் வழங்குமுன் அதனைக் கேட்டல் வேண்டும் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது.

ஒப்புக்கொண்ட முறையை உற்று நோக்கினால் அதன் வரம்பும் தெரியும். கருத்தை ஆராய்வது அதிகாரி. அதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை அளப்பதும் அதிகாரியே. ஊரார் வேண்டா என்றால் கடை இல்லை என்னும் உரிமை அளிக்கப்படவில்லை. மகசர் எழுதிக்கொடுக்கும் உரிமையே கிடைத்தது. கான்சாபுரம் போன்ற ஓர் ஊரார்க்கு இதன் பொருள் யாது? திருவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டு அமைந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் அது சேர்க்கப்பட்டது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகமோ மதுரையில் இருந்தது. திருவில்லிபுத்தூரினின்று ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒருவரே அவ்வட்டத்துக் கடைகளைப் பற்றிய முடிவுக்குரியவர். ஊரின் கருத்து அத்தனை தொலைவும் சென்று, பல மேசைகளைக் கடந்து, அவரைச் சேர வேண்டும். சேருமுன் ஏலநாள் வந்துவிடுதலும் கூடும்.

ஊர் என்பது யார்?

'ஊரார் கருத்து' என்னும் தொடரில் ஊர் என்பது யாரைக் குறித்தது என்னும் வினாவையும் தவிர்த்தல் இயலாது. மனு எழுத வல்லவர் எழுத்தறிந்தோர். அதிகாரியைக் காண வல்லவர் நிலமும் மதிப்பும் உடையோர். கடைக்குச் செல்லும் கூலியாளின் கருத்தும், மரம் ஏறிப் பிழைப்பவன் கருத்தும் ஊர்க்கருத்தாக எண்ணப்பட்டமை அரிது. குடியின் கேட்டை வீட்டினுள் நாள்தோறும் துய்த்த பெண்டிர் கருத்து அறவே எண்ணப்படவில்லை. சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் பெண்கள் வாக்களிக்கும் உரிமை 1921இலேதான் வந்தது. அதுவும் சொத்துத் தகுதியோடு பிணைந்திருந்தது.

அரசிடம் முறையிடும் வழி இவ்வாறு குறுகியிருந்தமையின், மற்றொரு வழி விரிந்தது. அதுவே ஊர்க்கட்டுப்பாடும் சாதிக்கட்டுப்பாடும். குடிப்போர்க்குத் தண்டம் விதித்தலும், கடைக்குச் செல்வதில்லை எனக் கூடிச் சூளுரைத்தலும் இந்தியாவின் பல பகுதிகளில் நிகழ்ந்தன. உரிமத்தைத் தடுக்க இயலாதாயினும், வாங்குவார் இல்லாமற் செய்தால் ஏலம் கேட்பாரும் இலராவர் என்பது இதன் உட்பொருள்.

நாம் எடுத்துக்கொண்ட வட்டாரத்தில் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது 1910இல் தோன்றிய நாடார் மகாசன சங்கத்தின் முயற்சி. பொறையாறு இரத்தினசாமி நாடார் முன்னின்று தோற்றுவித்த இச்சங்கம் விருதுநகர், சிவகாசி முதலிய வணிக நகரங்களிற் செல்வாக்குப் பெற்றது. மரம் ஏறுவோர் கள் இறக்குதலை விட்டுப் பதநீர் இறக்கிக் கருப்புக்கட்டி காய்ச்ச வேண்டும் என்று அது வற்புறுத்திற்று. இம்முயற்சியிற் சமூக மதிப்பை உயர்த்தும் நோக்கமும் கலந்திருந்தது என்பது உண்மை. நகரத்து வணிகர் வகுத்த நெறியை நாட்டுப்புறத்து ஏறுதொழிலாளர் தம் பிழைப்பைக் கொண்டு நிறைவேற்ற வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆயினும், கள்ளை விடச் சொன்னதோடு அமையாமல், அதே மரத்தினின்று வேறு பிழைப்பையும் காட்டிய சிறப்பு இம்முயற்சிக்கு உண்டு.

மறியல்

1920, 1921ஆம் ஆண்டுகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் கள்ளுக்கடை எதிர்ப்பு நாடளாவிய செயலாயிற்று. 1919ஆம் ஆண்டின் அரசியற் சீர்திருத்தத்தால் ஆப்காரி வருவாய் மாகாண அரசின் பொறுப்பாயிற்று. சென்னை மாகாணத்தில் அது நிலவரிக்கு அடுத்து நின்ற பெருவருவாய். எனவே, கடையின் முன் நிற்பது அறச்செயலாதலோடு அரசின் கருவூலத்தைத் தாக்கும் செயலுமாயிற்று. ஈரோட்டிற் பெரியார் ஈ. வெ. இராமசாமி கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டுச் சிறைப்பட்டார். அவர்தம் துணைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் மறியலை மேற்கொண்டனர். கடையை எதிர்ப்பதிற் பெண்டிரின் குரல் பொதுவெளியில் கேட்கப்பட்டமைக்கு இது தலையாய சான்று. சேலம் தாதம்பட்டியில் தமக்குரிய தென்னைகள் ஐந்நூறு வரையிற் பெரியார் வெட்டிச் சாய்த்தார் என்பது பலரும் அறிந்தது.

'மறியல்' என்னும் சொல்லும் கருதத் தக்கது. மறித்தல் என்பதனடியாகப் பிறந்த இச்சொல் ஈழத்தமிழிற் சிறையைக் குறிக்கும். சிறைச்சாலையை அங்கு 'மறியற்சாலை' என்பர். அரசு மனிதனை மறித்து வைப்பதைச் சுட்டும் சொல், தமிழகத்தில் மனிதன் அரசின் கடையை மறிப்பதைச் சுட்டுவதாயிற்று.

இராசாசி 1925இல் திருச்செங்கோட்டை அடுத்துக் காந்தி ஆசிரமம் அமைத்தார். 1929இல் மதுவொழிப்பிற்கெனவே 'விமோசனம்' என்னும் திங்களிதழை நடத்தினார். கல்கி அதன் துணையாசிரியராய்ப் பணியாற்றினார். 1931ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாளின் காந்தி-இர்வின் உடன்பாடு அமைதியான மறியலுக்கு இடமளித்தது. ஊரார் மனுவால் எய்தாத ஏற்பை, நாட்டியக்கம் உடன்பாட்டால் ஓரளவு எய்திற்று எனலாம்.

ஈழத்து நிலை

தமிழகத்தில் மனுவாகவும் மறியலாகவும் நின்ற ஊரிசைவு, கடல் கடந்து ஈழத்தில் வாக்குரிமை வடிவம் பெற்றது. ஒப்புநோக்கற்கு உரியதாகலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். இலங்கையில் மதுக்கடையைத் தமிழர் 'தவறணை' என்பர். 1912ஆம் ஆண்டின் கலால் சட்டம் கள் விற்பனையைச் சாராய விற்பனையினின்று பிரித்துத் தனித் தவறணைகளை ஏராளமாகத் திறக்க வழி செய்தது. அதனை எதிர்த்துத் தீவெங்கும் மதுவொழிப்புச் சங்கங்கள் கிளர்ந்தன. சிங்களப் பௌத்தர் அவ்வியக்கத்தில் முன்னின்றனர். யாழ்ப்பாணத்திற் சைவரும் கிறித்தவரும் மதுவொழிப்புப் பணியில் ஈடுபட்டனர். 1915ஆம் ஆண்டுக் கலகத்தின்போது அரசு மதுவொழிப்புத் தலைவர்கள் பலரை ஐயுற்றுச் சிறையிட்டது. அவர்கள் பொருட்டுச் சட்டநிரூபண சபையில் வாதாடியவர் சர் பொன்னம்பலம் இராமநாதன்.

இக்கிளர்ச்சிகளின் பயனாக, ஒரு பகுதியின் மக்கள் வாக்களித்துத் தவறணையை மூடுதற்குரிய ஏற்பாடு இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. 1920ஐ அடுத்த ஆண்டுகளில் யாழ்ப்பாணம் உட்படப் பல பகுதிகளிற் கடைகள் இதனால் மூடப்பட்டன. சுகாத்துலாந்தில் 1913இல் இயற்றிய சட்டத்தின்படி 1920இல் தொடங்கிய ஊர்வாக்கெடுப்பும் இதனை ஒத்ததே. கருத்தைக் கேட்பதோடு நில்லாது அக்கருத்திற்குக் கட்டுப்படுவதே ஊரிசைவின் முழுவடிவம் என்பதை இவ்வெடுத்துக்காட்டுகள் தெளிவிக்கும்.

சட்டத்தால் எய்தியதும் இழந்ததும்

இராசாசியின் அமைச்சரவை இயற்றிய 1937ஆம் ஆண்டின் 10ஆவது சட்டம் சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் விரிந்தது. அக்டோபர் முதல் நாளைத் தேர்ந்தது ஆப்காரிக் கணக்கினை ஒட்டியது. கடைக்குத்தகை ஆண்டு அந்நாளில் தொடங்குமாதலின், மூடுதற்குரிய நாளும் அதுவேயாயிற்று. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனைவரிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. போர்க்காலத்தில் நிறுத்திவைக்கப்பட்ட மதுவிலக்கு, விடுதலையை ஒட்டி மீண்டும் தொடங்கி, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுமையும் பரவியது. அடுத்து 1949 முதல் 1952 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்து அதனை நடத்தியவர் இராசபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராசா. கான்சாபுரத்திற்கு அண்மையில் உள்ள ஊரினரே அன்று சென்னையில் முதல்வர் என்பது நினைக்கத் தக்கது.

இச்சட்டத்தால் பல குடும்பங்கள் அமைதி பெற்றன. கூலி வீடு வந்து சேர்ந்தது. மரம் ஏறுவோர்க்குப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. இவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும், சட்டம் வந்தபோது ஊரிசைவு என்னும் கருத்து தன் வேலையை இழந்தது. மாகாணம் முழுதும் கடை இல்லை எனும்போது ஓர் ஊர் தன் கருத்தைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. 'வேண்டா' எனும் உரிமையை ஊர் பெறுமுன்னரே, ஊரின் பொருட்டு அரசு 'வேண்டா' என்றது. ஒருகால் அரசு தன் சொல்லை மாற்றிக்கொண்டால் ஊருக்கு என்ன வழி என்பதை அன்று எவரும் கேட்டிலர்.

அரசு தன் சொல்லை மாற்றியது. 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் கடைகள் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிகக் கழகம் தோன்றிற்று. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003இல் மதுவின் சில்லறை விற்பனையையும் அக்கழகமே மேற்கொண்டது. ஏலம் ஒழிந்தது, விற்பவரும் உரிமம் வழங்குபவரும் ஒருவரேயாயினர். வழிபாட்டிடம், கல்விக்கூடம் ஆகியவற்றினின்று நகர்ப்புறத்தில் 50 மீட்டரும் பிறவிடங்களில் 100 மீட்டரும் தள்ளிக் கடை அமைய வேண்டும் என்னும் விதி, 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்கீழேயே வகுக்கப்பட்டது. விற்பனை விதிகளுக்கு விலக்குச் சட்டம் தாயாயிற்று. அவ்விதியில் தொலைவிற்கு இடம் உண்டு. ஊரின் கருத்துக்கு இடம் இல்லை.

இக்குறையின் விளைவை அண்மை ஆண்டுகள் காட்டின. 2015 சூலை 31ஆம் நாள், குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிக் கைப்பேசிக் கோபுரத்தின்மேல் ஏறிப் போராடிய காந்தியர் சசிபெருமாள் உயிர் நீத்தார். உச்சநீதிமன்றம் 2016 திசம்பரில் அளித்த தீர்ப்பால் நெடுஞ்சாலையோரக் கடைகள் 2017 ஏப்பிரலில் மூடப்பட்டு ஊர்களுக்குள் இடம் மாறத் தொடங்கியபோது, பல ஊர்களில் பெண்கள் கடைமுன் அமர்ந்து மறித்தனர். கிராமசபைகள் தீர்மானம் நிறைவேற்றின. திருப்பூரை அடுத்த சாமளாபுரத்தில் நிகழ்ந்ததனை நாடே அறியும். அவர்கள் கேட்டது நாடு முழுதும் மதுவிலக்கு அன்று. தம் ஊரில் இக்கடை வேண்டா என்பதே. 1890ஆம் ஆண்டின் மடல் வாக்களித்த நான்காம் கூறு அது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தமிழில் மது எதிர்ப்பு தனிமனித அறமாகவும் அரசுச் சட்டமாகவும் மட்டுமே அமைந்ததன்று. ஊரின் உரிமையாக அமைய முயன்ற இடைநிலை ஒன்றும் உண்டு. கடைகளைத் தனித்தனியே ஏலம் விட்ட 1886ஆம் ஆண்டின் ஏற்பாடே அம்முயற்சிக்கு இடமும் நாளும் தந்தது. 1890இல் ஊர்க்கருத்துக்கு மதிப்பு வாக்களிக்கப்பட்டது. கட்டுப்படுத்தும் உரிமை தரப்படவில்லை. மனுவும் கட்டுப்பாடும் மறியலும் அவ்வுரிமையின் பதிலிகளாக நின்றன. 1937ஆம் ஆண்டின் சட்டம் அவ்வுரிமையைத் தேவையற்றதாக்கிற்றேயன்றி நிலைநாட்டவில்லை.

ஊரிசைவைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தையும் மறத்தல் ஆகாது. ஊர் என்பது எழுத்தறிந்தோரும் நிலமுடையோரும் மட்டுமாயின், அதன் இசைவு பழைய செப்பேட்டுச் சலுகையின் மறுபதிப்பே ஆகும்; மரத்தினின்று இறக்கப்பட்டவன் பிழைப்பு மீண்டும் எவராலும் எண்ணப்படாது போகும். பெண்டிரும் கூலியாளரும் ஏறுதொழிலாளரும் ஒருங்கு கூடிய அவையே ஊர் எனக் கொள்ளப்படும்போதுதான் அதன் 'வேண்டா' என்னும் சொல்லுக்கு முழுப்பொருள் உண்டாகும்.

இளம் ஆய்வாளர்க்கு இதிற் பணி மிக உண்டு. ஆப்காரிக் காலத்து மகசர்களின் தமிழ்நடை, ஏல அறிவிப்புகளின் சொற்கோவை, ஊர்க்கட்டுப்பாட்டு ஓலைகளும் சாதிச் சங்க அறிக்கைகளும் ஆளும் சொற்கள் ஆகியவை தமிழ் உரைநடை வரலாற்றிற்கே அரிய மூலங்கள். 'எம் ஊரில் வேண்டா' என்பதை எளிய மக்கள் அரசிடம் எத்தகைய தமிழிற் சொன்னார்கள் என்பதை அவற்றிற் காணலாம். அத்தமிழைத் தேடித் தொகுத்தல் தமிழ்த்துறையின் கடமைகளுள் ஒன்றாகும்.